பெயர் பின்பக்கம்

“தள்ளுங்க, தள்ளுங்க! அது என் ஒஸ்வால்டோ போட்ட படம். யாரும் கை வைக்காதீங்க!”

முழங்கையை முன்னால் விட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள் மிக்தாலியா. அவளுடைய கைப்பையைச் சுமந்தபடி பின்னாலேயே வந்தார் கணவர் எஃப்ராயின்.

நியூயார்க்கில் வருஷா வருஷம் நடக்கும் விற்பனை அது. சுவர் முழுக்க அஞ்சலட்டை அளவுப் படங்கள். பெரிய ஓவியர் போட்டதானாலும், பொழுதுபோகாதவர் கிறுக்கியதானாலும் எல்லாம் ஒரே விலை. யார் போட்டது என்பது அட்டையின் பின்னால் இருக்கும். வாங்கிய பிறகுதான் திருப்பிக் காட்டுவார்கள். வரும் பணம் எச்.ஐ.வி. உள்ள ஓவியர்களுக்குப் போகும்.

“போன வருஷமும் இப்படித்தான் சத்தியம் பண்ணினே,” என்றார் எஃப்ராயின். “திருப்பிப் பார்த்தா யாரோ ஒரு பல் டாக்டர்.”

“அந்தப் படத்துல இருந்த தவளைக்கு அவன் கண்ணு மாதிரியே இருந்துச்சு. நான் என்ன பண்ண?”

“அவன் போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. செத்தவன் எப்படிப் படம் அனுப்புவான்?”

“சிநேகிதக்காரங்க யாராவது எடுத்து வச்சிருந்து அனுப்புவாங்க. உனக்கென்ன தெரியும்? சாயங்காலமானா டாமினோ கிளப். ஒரு ஆட்டம் ஜெயிச்சதா சரித்திரம் இல்லை. நான் ஆக்கின கோழிக் கஞ்சியைத் தூக்குவாளியில கொண்டுபோய் அந்தத் தடியனுங்களுக்கு ஊத்தினதுதான் மிச்சம்.”

எஃப்ராயின் சுவரில் இருந்த ஓர் ஆப்பிள் படத்தைக் காட்டினார். பதில் சொல்லிப் பயனில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

“பேசாம இந்த ஆப்பிளை வாங்கேன். சமையலறையில மாட்டலாம்.”

“ஆப்பிளை நீயே கடி.”

அவள் பார்த்து வைத்த படத்தில், தலை நிறைய முடி சுருட்டும் உருளைகள் மாட்டிய ஒரு பெண், ஜன்னலில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றி, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காபி டப்பாவில் ஒரு கொத்துமல்லிச் செடி.

“என் ஜன்னல், என் டப்பா, என் செடி! எதிர்க் கட்டடத்து மூணாவது மாடியிலேருந்து பார்த்தாத்தான் இப்படித் தெரியும். அங்கே இருந்தது யாரு? அவன்தானே! ‘அக்கா, அசையாம இரு, ஒரு நாள் உன்னை வரையப்போறேன்’னு அங்கேருந்தே கத்துவான். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.”

“மூக்குதான் கொஞ்சம் நீளமாப் போச்சு.”

“நீட்டினாத்தானே நாலு விஷயம் தெரியும்?”

அது உண்மை. அந்தத் தெருவில் எந்தக் காதல் எந்த மாடிப்படியில் முளைத்தது, எதில் முறிந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எச்.ஐ.வி. வந்த பிறகு ஒஸ்வால்டோ தெருச் சுவர்களில் படம் ஒட்டுவான். இரண்டு கைகள் கோத்திருக்கும். கீழே, ‘தொட்டால் ஒட்டாது’. எல்லோரும் நின்று ரசித்தார்கள். ரசித்துவிட்டு, அவன் எதிரே வந்தால் மறுபக்க நடைபாதைக்குப் போய்விட்டார்கள். அவன் படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் தெருவில் ஒருவரும் மாடி ஏறவில்லை. மிக்தாலியாவும் ஜன்னலிலிருந்து கையசைத்ததோடு சரி.

“ஆனா யாரோ போனாங்க,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “திரைக்குப் பின்னால நிழல் ஆடும். அவனைத் தூக்கி உட்கார வைக்கும். தெருவாசலை விட்டு நான் கண்ணை எடுக்கலையே! ஒரு ஈ காக்கா நுழையலை. இத்தனை வருஷத்துல என்னால கண்டுபிடிக்க முடியாதது அது ஒண்ணுதான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அவன் நினைவா ஒரு படம், அவ்வளவுதான்.”

“சரி, வாங்கிக்கோ,” என்றார் எஃப்ராயின்.

மேஜையில் இருந்த பெண் ரசீது கொடுத்தாள். அட்டையைத் திருப்பி நீட்டினாள். மிக்தாலியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

‘ஒஸ்வால்டோவுக்குக் கை நடுங்கியதால், அவன் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் வரைந்தது. கீழ்த்தளத்து டாமினோ கிளப்பின் உள்படிக்கட்டு அவன் மாடிவரை போகும். — எஃப்ராயின்.’

மிக்தாலியா அதை இரண்டு தடவை படித்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

“கஞ்சியில,” என்றாள் கடைசியில், “அவனுக்கு உப்பு போதுமா இருந்துச்சா?”