நானூறு கூடுகள்

"நானூறா? எந்தக் கண்ணால எண்ணினேய்யா இதை?"

அதிகாரி பதிவேட்டை மேசைமேல் ஓங்கி அடித்தார். டீ கிளாஸ் குலுங்கியது.

எதிரே காவல்காரர் நின்றார். ஆளில்லாத அந்தப் பவளத்திட்டுக்குப் பதினொரு வருஷமாய் அவர்தான் காவல். கரையிலிருந்து படகில் நாலு மணி நேரம். ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடும் காலத்தில், மணலில் இருக்கும் கூடுகளை எண்ணி எழுதுவதும் அவர் வேலை.

"போன வருஷம் நானூறு, அதுக்கு முந்தி முந்நூத்தித் தொண்ணூறு! நான் மூணு நாள் முதுகுத்தோல் உரிய எண்ணிட்டு வர்றேன். கூட்டுக்கு ஒரு சிப்பி பக்கத்துல வெச்சு, எதையும் ரெண்டு தரம் எண்ணிடாம. எத்தனை தெரியுமா? நாலாயிரத்துச் சொச்சம்! நீ படகை விட்டு இறங்கினதே இல்லை, அதானே?"

"இறங்குவேன் சார்."

"அப்ப எண்ணத் தெரியாதா?"

"தெரியும் சார்... நானூறாவே இருக்கட்டும் சார். வெளியில சொல்ல வேண்டாம்."

"ஏன், உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்னா?"

மறுநாளே காவல்காரரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பழைய கயிறும் மிதவையும் அடுக்குகிற வேலை.

அதிகாரியின் கணக்கு பத்திரிகையில் படத்தோடு வந்தது. மேலிடத்தில் தட்டிக்கொடுத்தார்கள். அவர் மனைவி அந்தப் பக்கத்தை வெட்டி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அடுத்த முட்டைக் காலத்தில் அவர் போனபோது, திட்டைச் சுற்றிப் பதினாலு படகுகள் நின்றன. குடை, கேமரா, பாட்டு, கூச்சல்!

"நாலாயிரம் பறவையாமே, எந்தப் பக்கம் சார்?" என்று ஒரு குடும்பம் அவரிடமே கேட்டது.

தாய்ப் பறவைகள் இறங்க இடமில்லாமல் மேலே கத்திக்கொண்டு சுற்றின. கீழே முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. அதிகாரி தொண்டை வற்ற விரட்டிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? தடை உத்தரவு வருவதற்குள் பருவமே முடிந்துவிட்டது.

அதற்கடுத்த வருஷம் தடை இருந்தது. பறவைகள்தான் முன்போல் இல்லை. எண்ணி முடிக்க அரை நாள்கூட ஆகவில்லை.

திரும்பியவர் நேராகக் கிடங்குக்குப் போனார்.

"அண்ணே..." அந்த வார்த்தை அவர் வாயில் வர ரெண்டு வருஷம் ஆனது. "தப்பு என் மேலதான். நீங்க திட்டுக்கே திரும்பி வந்துடுங்க. அன்னைக்கே ஏண்ணே விவரமாச் சொல்லல?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு சார். முன்னாடி வடக்குத் திட்டுல நான்தான் காவல். ஆறாயிரம்னு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பேப்பர்ல என் படமும் வந்துச்சு. நாங்களும் வீட்டுல மாட்டி வெச்சோம்."

வடக்குத் திட்டில் இப்போது ஒரு பறவைகூட இறங்குவதில்லை. அது அதிகாரிக்கும் தெரியும்.

அவர் பதிவேட்டை நீட்டினார். "இனிமே நீங்களே எழுதுங்கண்ணே."

"இந்த வருஷம் எத்தனை சார்?"

"முந்நூத்தி எண்பது." அதிகாரி பேனாவையும் நீட்டினார்.

காவல்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"எழுதறேன் சார். இனிமே பொய் எழுத வேண்டிய அவசியம் இல்லை."