பிஸ்டன் விழும் சத்தம்

நாச்சிமுத்து வீட்டிலேயே ஒரு கையகல நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தார். "இது ஓடறதப் பாத்துட்டுத்தானுங்க நான் போவேன்" என்று படுக்கையில் கிடந்த மனைவி மயிலாத்தாள் மூச்சிரைப்புக்கு நடுவே சொன்ன நாளிலிருந்து, அவர் கை வேண்டுமென்றே பிசகத் தொடங்கியது. அடுத்த அறையில் லேத் ஓடும். கட்டைவிரல் பருமனுள்ள பிஸ்டனைக் கடைந்து, சிலிண்டரின் அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு, மேலிருந்து உள்ளே விடுவார். அளவு சரியாக இருந்தால் அது அடைபட்ட காற்றின் மேல் மிதந்து நிற்கும். அவரோ கடைசியில் ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவிவிடுவார். அது டங்கென்று அடியில் போய் விழும்.

"மறுபடியுமா? நாப்பது வருசமா என்னத்தத்தான் கடைஞ்சீங்களோ!" என்று அவள் சிரிப்பாள். பிறகு இருமுவாள்.

பதினான்காவது பிஸ்டனைக் கடையும்போது அந்த இருமலையே கேட்டுக்கொண்டிருந்ததில், கூடுதலாகச் சீவ மறந்துபோனார். பிஸ்டன் பாதியில் மிதந்து நின்றது.

"என்னாச்சுங்க?"

"உழுந்துருச்சு கண்ணு."

"சத்தமே கேக்கலீங்களே."

அவர் துளையிலிருந்து விரலை எடுத்தார். டங்கென்று கேட்டது. அடுத்த அறையிலிருந்து சிரிப்பு வரவில்லை. இருமலும் வரவில்லை.