குசுகுசுப் பொங்கல்

பானை பொங்கியது. "பொங்கலோ..." என்று புதிய வாத்தியார் தீர்த்தகிரி வாயைத் திறந்ததுதான் தாமதம், வெங்கடப்பன் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்திவிட்டான்.

ராயக்கோட்டைக் கீழத் தெருவே சிரித்தது.

"இங்கே கத்தக்கூடாதுங்க வாத்தியாரே. நம்ம தெருவிலே பட்டாளத்துப் பொங்கல்" என்றாள் பக்கத்து வீட்டு ரங்கம்மா.

அடுத்த நொடி தெரு முழுக்க, காதோடு ரகசியம் சொல்வதுபோல் "பொங்கலோ பொங்கல்" என்றது.

"என்னய்யா கூத்து இது?"

"பர்மா சண்டைங்க. நாப்பத்தஞ்சு, தை மாசம்..." என்று ஆரம்பித்தான் வெங்கடப்பன். எட்டு வருஷமாகச் சொல்லும் கதை. இருந்தாலும் கரும்பைக் கடித்தபடி எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"பெட்ரோல் டின்தான் பானை. வெல்லம் கிடையாது. துரையோட ஜாம் டப்பா ரெண்டு காணாமப் போச்சு. ஜப்பான்காரன் கூப்பிடு தூரத்திலே இருக்கான். 'பொங்கல் வைங்கடா, ஆனா சத்தம் வந்தா குண்டு வரும்'னுட்டான் துரை."

"குண்டு போடறது யாரு, ஜப்பான்காரனா, துரையா?" என்று எடுத்துக் கொடுத்தான் ரங்கம்மாவின் புருஷன் ஆஞ்சப்பன்.

"ஜாம் போன கோபத்திலே துரைதான் முந்திக்குவான்! நூத்தியிருபது பேரு, கொசு மாதிரி 'பொங்கலோ பொங்கல்'னோம்."

ஆஞ்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வாத்தியார் சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழை திருத்துகிற மனுஷர் அவர். போன மாதம்தான் வெங்கடப்பனுக்கு நிலம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார். அப்போது அவனுடைய பட்டாளத்துச் சீட்டை வரி விடாமல் படித்திருந்தார்.

வெங்கடப்பனைக் கேழ்வரகுத் தாள் போருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"ஆறு வருஷமும் பெங்களூர்க் கிடங்கிலே சமையல்காரன் நீ. பர்மாவை மேப்பிலேகூடப் பார்த்திருக்க மாட்டே. உன் புளுகுக்காக ஒரு தெருவே வாயை மூடிக்கணுமா? இப்பவே போய் எல்லார்கிட்டேயும் சொல்றேன்."

"ஐயோ, வேணாங்க! பர்மாவுக்குப் போனது ஆஞ்சப்பன்" என்றான் வெங்கடப்பன். "அவன் திரும்பி வந்த வருஷம் எல்லாரும் கத்தித்தான் பொங்கல் வெச்சோம். சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியிலே போய்ப் புகுந்துட்டான். வெளியே கொண்டுவர ரெண்டு நாளாச்சு. அவனுக்காகத்தான் தெரு அடங்குதுன்னு தெரிஞ்சா வெட்கத்திலேயே செத்துடுவான். எனக்காகன்னா சிரிக்கிறான்."

வாத்தியார் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆஞ்சப்பன் இலையில் பொங்கலை வைத்து நீட்டினான்.

"அவன்கிட்ட என்னமோ கோபமாப் பேசினாப்பல இருந்துச்சே?"

"சேச்சே, கதை பிரமாதம்னு சொன்னேன்" என்று புளுகினார் வாத்தியார்.

ஆஞ்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பர்மாவிலே நாங்க தொண்டை கிழியக் கத்தித்தான் பொங்கல் வெச்சோம் வாத்தியாரே. பாவம், அவன்கிட்ட சொல்லிடாதீங்க."