காக்கா வராத திதி

அப்பாவின் திதிக்கு மதில்மேல் சோறு வைத்துவிட்டு அண்ணன் தேவேந்திரன் அரை மணியாகக் "கா... கா..." என்று கத்துகிறான். கோவளத்துக் காக்கா ஒன்றுகூட இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்த தம்பி தணிகைவேலுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. ஊரெல்லாம் அண்ணனைத்தானே நல்லவன் என்கிறது!

"இன்னா அண்ணாத்த, அப்பன் உன் கையால துன்ன மாட்டேன்றாரா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தான். "இதான் கர்மா! உள்ள இன்னா பாவம் கீதோ, காக்காவுக்குத் தெரியும்."

தெரு கூடிவிட்டது.

தேவேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீயாவது வையிப்பா. பசியோட போவப் போறாரு."

"மெதுவா வைக்கிறேன். எல்லாரும் போய் வேலயப் பாருங்க." தணிகைவேலின் குரல் இறங்கிவிட்டது.

"நீ வையி, பாக்கலாம்," என்றாள் எதிர்வீட்டு ஜெகதாம்பாள். ஒருவரும் நகரவில்லை.

வைத்தான். தொண்டை கட்டும்வரை கத்தினான். அவன் சோற்றுக்கும் காக்கா வரவில்லை.

"உனுக்கும் அதே கர்மாதானா?" காறித் துப்பாத குறையாகக் கேட்டாள் ஜெகதாம்பாள்.

எப்படி வரும்? கருவாட்டைக் காக்கா கொத்தாமல் இருக்கக் கட்டுவார்களே, அதுபோல் செத்த காக்கா ஒன்றை விடியற்காலையிலேயே தன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அண்ணன் உள்ளே போனதும் அவிழ்த்து எறிந்துவிட்டுத் தன் சோற்றை வைப்பதாக இருந்தான்.

ஊர் போனால்தானே?