ஜானவாசக் கார்

"சொந்தச் சித்தப்பாகிட்ட படகு மாதிரி புதுக் கார் நிக்கறது. அதை விட்டுட்டு, எவனோடயோ ஓட்டை ரெண்டு கதவுக் கார்லயா ஜானவாசம்?" அத்தை மைதிலி ஆரம்பித்துவிட்டாள்.

மாப்பிள்ளை கிரீஷ் சிரித்தான். "இதுல கூரையை மடக்கலாம் அத்தை. சித்தப்பா கார்ல மேல் ஜன்னல் வழியா தலையை மட்டும் நீட்டிண்டு வரணும். பொண்ணாத்துக்காரா பயந்துடுவா."

அத்தை சமாதானமாகவில்லை. விஷயம் அப்படி.

கிரீஷின் அப்பா கபாலியும் சித்தப்பா வேம்புவும் எதிரெதிர் ஃபிளாட். வேம்புவின் சொகுசுக் கார் வந்து கபாலியின் ஸ்கூட்டர் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட நாள் முதல் இருவருக்கும் பேச்சு கிடையாது. இப்போது பையனும் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டான் என்று உறவே பேசியது. வேம்பு நாளைக்கு முகூர்த்தத்துக்கு இருப்பாரா என்பதே சந்தேகம்.

சாயங்காலம் கோயில் வாசலிலிருந்து நாகஸ்வரத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியது. பழைய காரை அதன் சொந்தக்காரர் ஷரீஃப் ஓட்ட, பக்கத்தில் மாலையோடு கிரீஷ். முன்னால் கபாலியும் அத்தையும் நடந்தார்கள். கடைசியில் தன் காரில் தனியாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேம்பு.

மாட வீதி திரும்பியதும் பழைய கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"இன்னா பண்றது நைனா, வண்டிக்கு வயசாயிடுச்சு. தள்ளித்தான் ஆவணும்" என்றார் ஷரீஃப், சாவகாசமாக.

பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. வேம்பு சத்தமே இல்லாமல் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இதுல ஏறுடா."

கிரீஷ் அத்தையைப் பார்த்தான்.

"நன்னாருக்கே! ஜானவாசம் கிளம்பின மாப்பிள்ளை நடுத்தெருவுல கால் வைக்கறதாவது? மண்டபத்துலதான் எறங்கணும்" என்றாள் அத்தை.

இளவட்டங்கள் தள்ள ஓடிவந்தார்கள். ஷரீஃப் தடுத்தார். "கை வெக்காதீங்கப்பா, பழைய தகரம், நசுங்கிக்கும். தள்ளிப் பழக்கம் கீற ரெண்டு பேர் போதும்."

"எங்காத்துல அந்தப் பழக்கம் இவா ரெண்டு பேருக்குத்தான். எங்கப்பா காரைத் தள்ளிவிட்டுட்டுத்தானே தினம் ஸ்கூலுக்கே போவா!" என்றாள் அத்தை, கபாலியையும் வேம்புவையும் காட்டி.

கபாலி வந்து காரின் பின்னால் வலது ஓரத்தில் கை வைத்தார். வேம்பு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தார். பிறகு காரை ஓரங்கட்டிவிட்டு, இடது ஓரத்துக்குப் போனார். சின்ன வயசில் நின்ற அதே இடம்.

கார் மெல்ல நகர்ந்தது.

"ஏண்டா, தள்றியா, சாஞ்சுண்டு வரியா?" கபாலிதான்.

"நீ முதல்ல வேஷ்டியை மடிச்சுக் கட்டுண்ணா. மானம் போறது."

கபாலி சிரித்தார். வேம்புவும் சிரித்தார். நாகஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபிளாட்ல இனிமே காரை நான் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கறேண்ணா."

"வேண்டாண்டா, ஸ்கூட்டரை நான் தூணோரமா வச்சுக்கறேன்."

"அதெல்லாம் முடியாது, நான்தான் தள்ளி நிறுத்துவேன்."

மறுபடியும் சண்டை வந்துவிடும் போலிருந்தது. அதற்குள் மண்டபம் வந்துவிட்டது.

இறங்கும்முன் கிரீஷ் ஷரீஃபின் காதருகே குனிந்தான்.

"சொன்ன இடத்துல கரெக்டா நிறுத்திட்டீங்க பாய். பெட்ரோல் குழாயை இப்போ திறந்துடுங்க."