கதவுக்கு வெளியே ஒரு குதிரை

"திறக்க மாட்டேன்! பாட்டுல என்னை ஜெயிச்சுட்டு உள்ள வா."

மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒல்வெனின் குரல் கணீரென்று வந்தது. நாற்காலியை இழுத்துக் கதவோடு முட்டுக் கொடுக்கும் சத்தமும் கேட்டது.

இந்தப் பக்கம், முதியோர் இல்லத்தின் நடைவழியில், ஜேனிஸ் நின்றிருந்தாள். கையில் ஒரு நீளக் கோல். அதன் நுனியில் அட்டையில் செய்த குதிரைத் தலை. அதிலிருந்து தொங்கிய வெள்ளைப் போர்வை அவளைத் தோளிலிருந்து முழங்கால்வரை மூடியிருந்தது.

புத்தாண்டு பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வெல்ஷ் மொழி பேசும் அந்தப் பள்ளத்தாக்கில் குதிரைத் தலையோடு வீடுவீடாகப் போவதற்கு அதுதான் காலம். வெளியே நிற்பவர்கள் பாட்டுப் பாடி வழி கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பாட்டாலேயே மறுக்க வேண்டும். யாருக்கு முதலில் பாட்டு தீர்ந்துபோகிறதோ அவர்கள் தோற்றவர்கள்.

"பேசாம நாளைக்கு வாங்களேன். மனசு மாறினாலும் மாறும்," என்று கிசுகிசுத்தாள் அங்கே வேலை பார்க்கும் மெலெரி.

"பாட்டுக்குக் கூப்பிடற அளவுக்கு வந்திருக்காங்க மெலெரி. இதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. நான் போறதா இல்ல."

உண்மைதான். வயது எண்பத்தைந்தைத் தாண்டிய ஒல்வெனுக்கு நினைவு கரையத் தொடங்கியபோது முதலில் கரைந்தது இங்கிலீஷ். பிறந்த வீட்டில் பேசிய வெல்ஷ் மட்டும் மிஞ்சியது. யாராவது இங்கிலீஷில் பேசினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

வெல்ஷ் கற்றுக்கொள்பவர்கள் அந்த இல்லத்துக்கு வந்து, அங்கிருக்கும் முதியவர்களிடம் பேசிப் பழகுவது உண்டு. ஜேனிஸும் வந்தாள். இங்கிலீஷ் நகரமான பிரிஸ்டலில் பஸ் ஓட்டுபவள், ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வெல்ஷ் வாக்கியங்களை முணுமுணுத்துப் பயணிகளிடம் கேலி வாங்கியவள். முதல் முறை அவள் வணக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பாவம், இவளுக்குப் பல்வலியா?" என்று மெலெரியிடம் விசாரித்தார் ஒல்வென். அடுத்த வாரமும் ஜேனிஸ் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள்.

"கல்லும் சேறும் தாண்டி வந்தோம்,
கதவைத் திறங்க வீட்டாரே!
குளிரில் நடுங்கிப் பாடி நின்றோம்,
உள்ளே விடுங்க வீட்டாரே!"

உள்ளேயிருந்து பதில் பறந்து வந்தது.

"வார்த்தை பாதி முழுங்கும் குதிரை
வாசலில் நின்று என்ன பயன்?
வந்த வழியே திரும்பிப் போனால்
வாயில் புல்லாவது கிடைக்கும்!"

மெலெரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜேனிஸின் முகம் சிவந்தது. அடுத்த பாட்டை அங்கேயே கட்டியாக வேண்டும். மனப்பாடம் செய்துவந்த எதுவும் இதற்கு ஒத்துவராது. கண்ணை இறுக மூடினாள்.

"பஸ்ஸை ஓட்டி வந்தவ நானு,
பாட்டில் பிழைகள் இருந்தாலும்
போகச் சொன்னால் போகமாட்டேன்,
பொழுது சாய்ந்தும் நிற்பேனே!"

உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது.

"பாட்டு பூரா தப்பு," என்றார் ஒல்வென், இடுப்பில் கை வைத்தபடி. "ஆனா எதிர்ப்பாட்டு கட்டிட்டியே! பிடிவாதம் மட்டும் நம்ம ஊரு ஆளுகளோடது. வாடி உள்ள. ஜெயிச்சவங்களுக்குச் சோறு போடாம அனுப்பக் கூடாது."

மெலெரி தேநீரும், வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டியும் வைத்துவிட்டுப் போனாள். ஒல்வென் குதிரைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதுகளை நிமிர்த்திவிட்டார்.

"உன் பேரென்ன?"

"ஜேனிஸ்."

"இங்கிலீஷ்காரப் பேரா இருக்கே! வீட்டுல வெல்ஷ் பேசமாட்டீங்களா?"

"எங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லம்மா."

ஒல்வென் கோப்பையை ஓசையோடு கீழே வைத்தார். "பெத்த பொண்ணுகிட்டயா? என்ன பொம்பளடி அவ!"

"அப்படிச் சொல்லாதீங்க. பள்ளிக்கூடத்துல அவங்க பேசறதக் கேட்டு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சா நான் தலை நிமிர்ந்து வாழ்வேன்னு நெனச்சாங்க."

ஒல்வென் ஜன்னலில் வழிந்த மழையைப் பார்த்தார்.

"என்னைப் பாத்தும்தான் சிரிச்சாங்க," என்றார் தாழ்ந்த குரலில். உடனே குரல் உயர்ந்தது. "அதுக்காக? வீட்டுச் சொத்தைப் பிள்ளைக்குக் குடுக்காம பூட்டி வெப்பாளா ஒருத்தி? இருக்காளா, போயிட்டாளா?"

"இருக்காங்க."

"அப்ப அடுத்த வாரம் அவளையும் இழுத்துட்டு வா. எதிர்ல உட்கார வெச்சு நல்லா நாலு கேள்வி கேக்கறேன்."

"சரிம்மா."

ஜேனிஸ் குனிந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். ஒல்வென் கூச்சத்தோடு சிரித்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே காத்திருந்த மெலெரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்காவது உங்கள அடையாளம் தெரிஞ்சுதா உங்கம்மாவுக்கு?"

"இல்ல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் ஜேனிஸ். "ஆனா என் பக்கம் நின்னு, எங்கம்மாவோட சண்டை போடறேன்னு சொல்லியிருக்காங்க!"