தலைக்கு ஒரு ரூபாய்

சாம்சன் கட்ட வேண்டியது ஆயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.

தாய் விராலுக்கு முப்பத்தைந்து. அது காவல் காத்துக்கொண்டிருந்த குஞ்சு ஆயிரத்துக்கு, தலைக்கு ஒரு ரூபாய்.

ஏரியில் மீன் பிடிக்கும் மீன்பாசிக் குத்தகையை எடுத்த ராமன் போட்ட கணக்கு அது. குஞ்சோடு திரிகிற மீனைப் பிடிக்கக் கூடாது என்று மதகின்மேல் தகரப் பலகை மாட்டியவரும் அவர்தான். தாயை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன் தின்றுவிடும், அடுத்த வருஷம் ஏரியில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும் என்பார். அதில் ஒன்றும் பொய் இல்லை.

சாம்சன் அந்த விராலை விற்பதற்காகப் பிடிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த மனைவி மெர்சிக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தான்.

ஊர்க் கூட்டத்தில் ராமன் அபராதத்தைச் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஆயிரம்னு எண்ணிப் பாத்தது யாரு மொதலாளி? எண்ணும்போதே பேரும் வெச்சிட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. ராமனின் மச்சான்கள் இரண்டு பேருமே சிரித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

ராமன் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சாம்சனைக் காணவில்லை. வெளியூர் ஓடியிருக்க முடியாது. தொண்ணூற்றொன்றில் அந்தக் குண்டு வெடித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எந்த ரோட்டில் ஏறினாலும் போலீஸ் நிறுத்தி யார், எவர் என்று கேட்டது. ஏரிக்குள்ளேதான் இருந்தான், ஆள் உயரக் கோரையில். எந்தக் கோரை என்பதுதான் தெரியவில்லை.

அதனால் ராமன் சாம்சனின் மகளைக் கரைக்குக் கூட்டிவரச் சொன்னார்.

ஏரிக் காவல்காரன் தாவீது சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். செந்தாமரைக்கு ஆறு வயது இருக்கும். ராமன் பொரி உருண்டை வாங்கி வைத்திருந்தார். சற்றுத் தள்ளி மச்சான்கள் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதகடியில் தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பது போல இருந்தது. அத்தனையும் விரால் குஞ்சு. தீக்குச்சியின் மருந்து அளவுதான் ஒவ்வொன்றும்.

"அடியில பாரு, கறுப்பா ஒண்ணு நிக்குது. அதான் அம்மாக்காரி," என்றார் ராமன். "குஞ்சுங்க பெருசாயி பிரிஞ்சு போற வரைக்கும் அத்த யாரும் தொடக் கூடாது. பாவம்."

பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"இப்ப உங்கப்பாவக் கூப்புடு கண்ணு. வூட்டுக்குப் போலாம் வான்னு கூப்புடு."

கூப்பிட்டாள். ஒரு கொக்கு எழுந்து போயிற்று. கோரை அசையவில்லை.

ராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவள் கையைப் பிடித்து மதகுப் படியில் இறக்கினார். முதல் படியில் பாதம் நனைந்தது. அடுத்ததில் முழங்கால். அதற்கும் அடுத்ததில் கவுன் மிதந்தது. பொரி உருண்டை கைநழுவி விழுந்து தண்ணீரில் கரைந்தது.

இந்த முறை அவள் கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது.

எங்கெங்கோ தேடியவர்களுக்குக் கல்லெறி தூரத்தில் கோரை பிளந்தது. சாம்சன் இரண்டு கைகளையும் தூக்கியபடி மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தான். கழுத்தெல்லாம் அட்டை.

"வந்துட்டேன் மொதலாளி. பாப்பாவ மேல ஏத்துங்க. சூளையில அட்வான்ஸ் வாங்கியாவது கட்டிடறேன்."

ராமன் உடனே ஏற்றினார். தன் துண்டாலேயே அவள் காலைத் துடைத்துவிட்டார். இன்னொரு உருண்டையைக் கையில் கொடுத்தார்.

"பாப்பாவ அவங்கம்மாகிட்ட வுட்டுட்டு வா," என்றார் தாவீதிடம்.

"அவனே கூட்டினு போவட்டுமே மொதலாளி."

"கொழந்தைய வெச்சுக்கினு இன்னாடா பேச முடியும்? நீ கெளம்பு. அவசரமில்ல, டீ குட்ச்சிட்டு மெதுவா வா."

மச்சான்கள் வலையைக் கீழே வைத்தார்கள்.

செந்தாமரை சைக்கிளிலிருந்து அப்பாவுக்குக் கை காட்டினாள். சாம்சனும் காட்டினான். சைக்கிள் கரை வளைவில் மறையும் வரை யாரும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் பகலில் மெர்சி ஏரிக்கரைக்கு வந்தாள். கம்மலைப் படப்பையில் ஓர் அடகுக் கடையில் வைத்து வாங்கிய முந்நூறு ரூபாய் முந்தானையில் இருந்தது. கையில் ஒரு தூக்கு.

"இத வெச்சுக்கோங்க அய்யா. மீதிய நானும் அவரும் சூளைக்குப் போயி அடைச்சிடறோம்."

எட்டணாவை விட்டுக்கொடுத்து அறியாத ராமன் பணத்தைத் தொடவில்லை.

"வாணாம்மா. கடனத் தள்ளிட்டேன். எட்த்துனு போ."

மெர்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுதுகொண்டே கும்பிட்டாள். கர்த்தர் உங்க வீட்டை ஆசீர்வதிப்பார் என்றாள். முந்தானையில் பணத்தை மறுபடி முடிந்துகொண்டு தூக்கை நீட்டினாள்.

"கொஞ்சம் கஞ்சி கொண்ணாந்தேன் அய்யா. ராத்திரிலேர்ந்து அவர இங்கியே காவலுக்கு வெச்சுக்கினீங்கன்னு தாவீது அண்ணன் சொல்லிச்சு."

ராமன் தூக்கைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார்.

"அதுவும் வாணாம்மா," என்றார்.